அலமாரியின் முதல் ஜோடி

வாலு 'சரி' என்று சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மைதானத்தில் புல்லின் ஈரம் இன்னும் காயவில்லை. என் அறைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கணைக்கால் எலும்பின் உள்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன.

பயிற்சி முடிந்து நொண்டிக்கொண்டு வந்தவளை நான் பார்த்துவிட்டதும், அம்மாவிடம் சொல்லாதீங்க மாமா என்று அவள் கெஞ்சியதும், போட்டி நாள் காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டதும் சென்ற வாரம் நடந்தவை. அந்தக் காலை வந்துவிட்டது.

"இன்னைக்கு ஓட முடியாது" என்றேன்.

"லேசா வலி. டேப் சுத்துனா போதும் மாமா."

"எலும்புல விரிசல் இருக்கலாம். சாயங்காலம் படம் எடுத்துப் பாத்துடுவோம். ஷூ இங்கயே இருக்கட்டும்."

கூரையைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாலு என் மனைவியின் தங்கை. சின்ன வயதில் அடித்த லூட்டிக்கு வைத்த பெயர். தொடர் ஓட்டத்தில் எப்போதும் கடைசிச் சுற்று அவளுடையது என்பதால் கல்லூரியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் எதற்கும் வாதாடாமல் சரி சொன்னதாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. எனக்கும் அது உறைக்கவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதுவுமே உறைப்பதில்லை.

அவளுடைய ஷூவை அலமாரியில், கீழ்த்தட்டில் வைத்தேன்.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லா ஓட்டக்காரர்களும் போட்டிக்கு முந்தைய நாள் தங்கள் ஷூவை, அடியில் ஆணி வைத்த அந்த ஓட்ட ஷூவை, பிசியோ அறையில் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் காலை நான் காலைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் ஷூவைக் கையில் கொடுப்பேன். இல்லையென்றால் அது கீழ்த்தட்டுக்குப் போகும். காரணம் யாரும் கேட்கக் கூடாது. கோச் வந்து அலமாரியை எட்டிப் பார்ப்பார், எந்த ஷூ கிடக்கிறதோ அந்த ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார். காலில் ஷூ இருந்தால் அவள் ஓடுகிறாள் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் துறையின் இயக்குநர். என் மாமியார்.

அவர் பொறுப்பேற்றபோது துறை என்பது ஒரே ஓர் அறை. காற்றுப் போன பந்துகளும் ஓடாத கடிகாரமும் அதற்குள் இருந்தன என்பார்கள். இப்போது மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஓடுதளத்தைப் படம் எடுப்பார்கள். உடற்பயிற்சிக் கூடத்தைப் படம் எடுப்பார்கள். என் அலமாரியை யாரும் எடுத்ததில்லை.

போட்டி நாளில் அவர் மேடையில் உட்கார மாட்டார். ஒவ்வொரு கோச்சிடமும் போய் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னைக்கு யாரு நல்லா இல்ல?" யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. புள்ளிப் பலகையைக் கடைசிவரை திரும்பிப் பார்க்க மாட்டார். பார்வையாளர்கள் போன பிறகு எங்கள் அணி முழுவதும் துடைப்பம் எடுத்து கேலரியைக் கூட்டும். ஜெயித்தாலும் கூட்டும். அவரும் கூட்டுவார்.

பல்கலைக்கழக வாசலுக்குள் அவர் எனக்கு மேடம். நான் அவருக்கு பிசியோ. வாசலுக்கு வெளியே அத்தை, மாப்பிள்ளை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த என் மனைவி எழவில்லை. அதற்குப் பிறகு வெளியே நாங்கள் சந்திப்பது குறைந்துவிட்டது. பார்த்தாலும் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்த விதி பிறந்ததே அவளால்தான். அவளும் ஓட்டக்காரி. அம்மா இயக்குநரான புதிதில், முழங்கால் வீங்கியிருந்தும் தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றை ஓடினாள். துறைக்கு முதல் கேடயம் அன்று வந்தது. அவள் அதற்கப்புறம் ஓடவில்லை. அடுத்த வாரம் என் மாமியார் அலமாரியை வாங்கிப் போட்டார். அதில் முதலில் வைத்தது மகளின் ஷூவை. அப்போது நான் இங்கே இல்லை. வேலைக்கு வந்து, அந்த ஷூ யாருடையது என்று விசாரித்துத்தான் அவளிடம் முதன்முதலில் பேசினேன். "என்னோடதுதான். அத எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?" என்றாள். அப்போது அவள் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷூ அங்கேயே இருந்தது. மேல்தட்டில், ஓரமாக. அவ்வப்போது அவளே எடுத்துத் துடைத்து வைப்பாள். இப்போது துடைக்க ஆளில்லை.

மதியத்துக்கு மேல் நிலவரம் தெளிவாகிவிட்டது. பெண்கள் தொடர் ஓட்டம் மட்டும் பாக்கி. அதில் முதலாவது வந்தால் கேடயம் எங்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். எங்கள் பதிவாளர், இந்த ஆண்டு புதிதாக வந்தவர், அந்த வெயிலில் கோட் போட்டுக்கொண்டு கேலரியின் முன்வரிசையில் இருந்தார். படம் பிடிக்க ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். கேடயத்தை எந்தப் பக்கம் பிடித்தால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்ததாகத் தண்ணீர் கொடுக்கப் போனவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

வாலு இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம். அது எனக்குத் தெரியும். மாற்று ஆளாக இருந்தவள் முதல் வருஷத்துப் பெண். வேகம் உண்டு, பயமும் உண்டு.

ஈட்டி எறிகிற பெண் ஒருத்தி கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். ஐஸ் எடுக்க அறைக்குப் போனேன். குளிர்பெட்டி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குனிந்து நிமிர்ந்தபோது மேல்தட்டு கண்ணில் பட்டது.

தட்டு முழுவதும் மெல்லிய தூசி. ஓரத்தில் மட்டும் தூசி இல்லாமல் இரண்டு பாத வடிவங்கள்.

கீழ்த்தட்டில் வாலுவின் ஷூ வைத்தபடியே இருந்தது.

ஐஸ் கையைச் சுட்டது. பிறகு ஓடினேன்.

தொடர் ஓட்டக் கோச்சை எல்லோரும் விசில் என்போம். வாயில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, பேசுவதும் அதைக் கடித்தபடிதான். அணியை ஓடுதளத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வாலு எங்கே என்றேன். கை காட்டினார். நான்கு பேரில் நான்காவதாக நின்று காலை உதறிக்கொண்டிருந்தாள். பாதத்தில் வெளிறிய நீல ஷூ.

"அலமாரியப் பாத்தீங்களா?"

விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எதுக்குப் பாக்கணும்? காலைலேருந்து ஷூவோடதான திரியறா. நீங்க குடுக்காம காலுக்கு எப்படி வரும்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். விதியை அவ்வளவு நம்பினோம்.

நானே போய் அவளை இழுத்து வந்திருக்கலாம். எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. போகவில்லை. ஒரே சுற்று. ஒரு நிமிடம். ஓடிவிட்டுப் போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்தவுடன் என்னை நம்பாமல் மாமியாரைத் தேடிப் போனேன்.

எல்லைக் கோட்டுக்குப் பின்னால், வழக்கம்போலப் புள்ளிப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"அத்தை" என்றேன்.

மைதானத்துக்குள் அந்த வார்த்தையைக் கேட்டு வேகமாகத் திரும்பினார்.

"அவ கால் சரியில்ல. காலைல நான் ஷூவைக் குடுக்கல."

"போட்டுட்டு நிக்கறாளே."

"அது அவளோடது இல்ல."

கண்களைச் சுருக்கிப் பார்த்தார். தூரம் அதிகம். ஆனால் அது அவர் வாங்கிக் கொடுத்த ஷூ. ஒன்றும் கேட்காமல் நடக்கத் தொடங்கினார். ஓடுதளத்தைக் குறுக்கே கடந்தார். கடக்கக் கூடாது என்று தினமும் மாணவர்களைத் திட்டுகிறவர் அவர். நான் பின்னால் போனேன்.

எங்களைப் பார்த்ததும் வாலு பேச ஆரம்பித்துவிட்டாள். தயாராக வைத்திருந்தாள் போல. மாமா நிறுத்தி வைத்தது தன் ஷூவை, அதைத் தான் தொடவே இல்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எந்த விதியையும் மீறவில்லை என்றாள்.

"வலிக்குதா?" என்றார் அவள் அம்மா.

"அம்மா, இப்ப வேண்டாம்."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"ஓடும்போது தெரியாது."

"உங்க அக்காவும் இதையேதான் சொன்னா."

வாலு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள். "இது அக்காவோடது. அவளுக்காக ஒரே ஒரு தடவை. இத நிறுத்தி வைக்க மாமாவுக்கு உரிமை இல்ல."

"அவருக்கு இல்ல. எனக்கு இருக்கு. நான் வாங்கிக் குடுத்தது. கழட்டு."

அவள் அசையவில்லை. மற்ற மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் மாமியார் மண்டியிட்டார். மூட்டுவலிக்காக மாடிப்படி ஏறுவதையே தவிர்ப்பவர். கேலரி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஓடுதளத்தில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, மகளின் ஷூ முடிச்சில் நகத்தைக் கொடுத்தார். இறுக்கிப் போட்ட முடிச்சு. அவிழவில்லை. இழுத்தார். பழைய நாடா, அறுந்துவிட்டது.

வாலு ஒற்றைக் காலில் தடுமாறி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையிலிருந்து அப்படிப் பிடித்துத்தான் ஷூ மாட்டியிருப்பாள். அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. இரண்டு ஷூவும் வந்துவிட்டன.

கடைசி நேரத்தில் ஆளை மாற்ற மருத்துவக் காரணம் வேண்டும். நடுவர் என்னைப் பார்த்தார்.

"எலும்பு முறிவு இருக்கலாம். ஓடக் கூடாது" என்றேன். அந்த வாரத்தில் நான் உரக்கச் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் வருஷத்துப் பெண்ணின் உதடு காய்ந்திருந்தது. என் மாமியார் ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் கன்னத்தைத் தட்டினார். "நீ யாரையும் முந்த வேண்டாம். பேட்டனை வாங்கு, ஓடு, முடி. அவ்வளவுதான் உன் வேல."

ஓட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சுற்றுவரை நாங்கள் முன்னால் இருந்தோம். வாலு சாக்ஸ் காலோடு புல்லில் உட்கார்ந்து ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள். கடைசிப் பேட்டன் கைமாறும் சத்தம் கேட்டதும் அவளால் முடியவில்லை. திரும்பினாள். எழுந்தாள். வளைவுல கைய வேகமா வீசு, தோளைத் தூக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினாள். முதல் வருஷத்துப் பெண் நன்றாகத்தான் ஓடினாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்துப் பெண் முந்திவிட்டாள்.

இரண்டாவது.

என் மாமியார் எதிரணி இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓடிக் களைத்து அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் புள்ளிப் பலகையைப் பார்த்தார். ஒரு பார்வை, அவ்வளவுதான்.

பதிவாளர் இறங்கி வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். நடந்தது என்ன என்று விசாரித்தார். காலில் விரிசல் என்பது உறுதிகூட ஆகவில்லையே என்றார். கேடயம் போனது துணைவேந்தருக்குப் பிடிக்காது என்றார். கடைசியில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"ஒரு நிமிஷ ஓட்டம் மேடம். ஓட விட்டிருக்கலாம்."

"ஆமா சார், ஒரு நிமிஷம்தான்" என்றார் என் மாமியார். "என் மூத்த பொண்ணுக்கும் அவ்வளவு நேரந்தான் ஆச்சு."

அவருக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை தன் அறைக்கு வந்து விளக்கம் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனார். விசில், விசிலை வாயில் வைத்து, ஊதாமல் எடுத்தார்.

கேலரியைக் கூட்டினோம். வாலுவை மட்டும் உட்காரச் சொன்னோம். கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே கைக்கெட்டிய குப்பையைப் பொறுக்கினாள்.

எக்ஸ்ரே எடுக்கும் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. என் வண்டியில் போனோம். வாலு பின்னால் காலை நீட்டியிருந்தாள். என் மாமியார் என் பக்கத்தில். மடியில் நீல ஷூ. அறுந்த நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். வாலு அம்மா பக்கம் திரும்பவே இல்லை. ஒரு வளைவில், "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நானும் இல்ல" என்றார். பின்னாலிருந்து, "என்னை யாரும் கேக்க மாட்டீங்க" என்று குரல் வந்தது. அதுவே பெரிய விஷயம்.

நிலையத்தில் இருந்த டாக்டர் இளம்பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பேனா முனையால் காட்டினார். முடி அளவுக்கு ஒரு கோடு. விரிசல்தான். இதோடு ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகப் போயிருக்கலாம் என்றார்.

என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். உதடு எதையோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். "அந்தப் பழைய விரிசல் ரொம்ப நல்லா ஆறியிருக்கு. யாரோ ஒழுங்கா ஓய்வு குடுத்துப் பாத்திருக்காங்க. நீங்கதானா?"

என்னைத்தான் கேட்டார்.

பழைய விரிசலா? எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எலும்பின் ஓரம் சின்ன மேடு கட்டி வழுவழுப்பாகியிருந்தது. ஒரு வருடம் இருக்கும். வாலுவின் காலைப் போட்டிக்குப் போட்டி பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியாது.

"மாப்பிள்ளை?" என்றார் என் மாமியார். குரலில் இருந்தது கேள்வி மட்டும் அல்ல.

இல்லை என்று தலையசைத்தேன். இருவரும் வாலுவைப் பார்த்தோம். அவள் வெளிச்சத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

"போன வருஷம் பரீட்சைன்னு சொல்லிட்டு ஒரு சீசன் ஓடலயே, அப்ப" என்றாள். "அக்காதான் பாத்துக்கிட்டா. தினமும் விடியக்காலைல நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவா. தண்ணிக்குள்ளயே ஓட விடுவா."

நீச்சல் குளம்.

ஞாபகம் வந்தது. என் மனைவி இருட்டோடு கிளம்பிப் போவாள். திரும்பும்போது தலைமுடியில் குளத்து மருந்து வாசனை அடிக்கும். கேட்டதற்கு, முழங்காலுக்கு நல்லது என்று நீங்கதானே சொன்னீங்க என்றாள். என் பேச்சைக் கேட்டு நடக்கிறாள் என்று எனக்குப் பெருமை. விசிலிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஷூவை எடுத்து வச்சுடுவீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்." நிறுத்தினாள். அம்மாவை ஒரு முறை பார்த்தாள். "அது மட்டும் இல்ல மாமா" என்றாள்.

அதற்குமேல் சொல்லவில்லை. நான் கேட்க வாயெடுத்தேன். என் மாமியார் எழுந்துவிட்டார். கட்டுப் போட்டதும் வீட்டுக்குப் போகலாம், நீங்களும் வாங்க மாப்பிள்ளை, எல்லாரும் சாப்பிடலாம் என்றார். கடைசிச் சொற்களை அவசரமாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் வெளியே வந்து வண்டிக் கதவைத் திறந்தேன். உட்காராமலே அதை ஓங்கிச் சாத்தினேன். முதலில் ஏனென்று பிடிபடவில்லை. அப்புறம் தெரிந்தது, கோபம். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, தங்கையின் எலும்பு முறிவை என்னிடமே மறைத்திருக்கிறாள். என் வேலையையே என்னிடம் சாக்காகச் சொல்லியிருக்கிறாள். இருட்டில் தலை துவட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

அவள் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. இது வந்தது.

எங்கள் சண்டைகளை ஆரம்பிப்பது எப்போதும் அவள்தான். நான் பதில் சொல்லிப் பழகியவன். வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பக்கத்து இருக்கையில், என் மாமியார் மறந்து விட்டுப்போன நீல ஷூ இருந்தது.

"சொல்லு" என்றேன் அதனிடம். "வேற என்ன மறைச்ச?"